தொட்டியில் ஒட்டிய பொட்டு

ஒக்டோபர் 17, வெள்ளி

மூன்று நாட்களாக நெஞ்சில் கிடந்த பாரம் இன்று இறங்கியது. அதை அங்கே ஏற்றி வைத்தவளும் நான்தான்.

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், தண்ணீரில் நஞ்சு உண்டா என்று மீன் விட்டுப் பார்க்கும் தொட்டிகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடைத் தண்ணீர் நிரப்பியதும் ஒன்று. வீடியோவை வைத்துக் கணினி போட்ட வரைபடத்தில் அந்தத் தொட்டி மீன் அசையவே இல்லை. மற்ற மீன்களெல்லாம் நாள் முழுக்க ஓடின. நான் கிட்டே போனால் இதுவும் ஓடும். பயத்தில் ஓடுகிறது, தனியே விட்டால் முடங்கிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். களைக்கு மருந்தடிக்கிற டேங்குகளை அந்த ஓடையில்தான் கழுவுகிறார்கள். அம்மாவின் குடிதண்ணீரும் அதுதான்.

இன்று கூட வேலை செய்யும் நிமாலி அக்கா வீடியோவையே ஓட்டிப் பார்த்தார். மீன் நன்றாகத்தான் நீந்துகிறது. மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கணினியின் சிவப்பு வட்டம் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளியை விட்டு நகரவில்லை.

"நங்கி, இது உங்க பொட்டு தானே?" என்றார். என்னைச் சிங்களத்தில் 'தங்கை' என்றுதான் கூப்பிடுவார்.

செவ்வாயன்று தொட்டி கழுவும்போது முகம் துடைக்கப் பொட்டை எடுத்து, வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டுவதுபோல் தொட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அக்கா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. எனக்கு அழுகைதான் வந்தது.

ஒரு மீன் நீந்தினால் தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது. தெரியும். இன்றைக்கு இது போதும்.

மாலையில் அம்மாவுடன் பேசினேன். சாப்பாடு, மழை, அட்டைக்கடி. போனை வைக்கப்போகும்போது அம்மா கேட்டார்:

"ஏம்மா, மூணு நாளா ஓடைத் தண்ணியக் குடிச்சீங்களானு உசிர வாங்குன. இன்னிக்கு ஒன்னும் கேக்கல?"