டிராக்டர் திரும்ப இடம்

ஊரிகம், 12-6-1968

சுலோச்சனாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

சின்ன டிராக்டரை மாற்றிப் பெரியது வாங்கலாம் என்று உன் பெயரில் வந்த கடிதத்தில் இருப்பது என் தம்பியின் கையெழுத்து. எனக்குத் தெரியாதா?

நேற்று சுரங்கத்தில் எங்களைக் கீழே இறக்கும் கேஜ் பாதியில் சற்று நின்றது, பயப்பட ஒன்றுமில்லை. கூட இருந்த ஃபிட்டர் பாண்டுரங்கனிடம் டிராக்டர் விஷயத்தைச் சொன்னேன். "இன்னா சார், அவ்ளோ பெரிய வண்டி உங்க துண்டு நெலத்துல எங்க திரும்பும்? பக்கத்து வரப்ப எடுத்தாத்தான் ஆவும்" என்று சிரித்தான்.

அந்த வரப்புக்கு அப்பால் தம்பி நிலம். பாகம் பிரித்தபோது கிணற்றைப் பிடுங்கியவன், இப்போது எல்லையையே அழிக்கப் பார்க்கிறான். பழைய வண்டியே போதும். வரப்பில் மண்வெட்டி படக்கூடாது.

ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. வேர்க்கடலைப் பொடி இடித்து அனுப்பு. பதிலை நீயே எழுது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. உன் எழுத்தைப் பார்த்து வெகுநாளாயிற்று.

துளசிராமன்