சுவரில் இருக்கிற சுவிட்சுக்கே கடைசிச் சொல்

அன்பு மகன் டெரன்ஸுக்கு,

அப்பாவின் ரத்த அழுத்தம் இன்று காலை சரியாக இருந்தது. பயிற்சி கொடுக்க வரும் நர்ஸ் அளந்து பார்த்துச் சொன்னாள். பக்கவாதம் வந்த வலது கைக்கு இன்னும் பலம் இல்லை, நடை மட்டும் தேறியிருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. ராட்டர்டாமில் நீயும் ஆண்டவர் காவலில் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் மறித்துப் பேசுவாய், அப்பாவும் பக்கத்தில் இருப்பார், அதனால்தான் மின்னஞ்சலில் இந்தக் கடிதம்.

போன வாரம் உன் போனுக்கு வந்த "வீட்டில் அசைவு இல்லை" என்ற எச்சரிக்கை பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். நம் வீட்டு விளக்குக்கும் சென்சாருக்கும் நீ அங்கிருந்தே போட்டுத் தந்த மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது செபமாலை நேரம். வழக்கம்போல ஹால் விளக்கை அணைத்து, பீடத்தில் மெழுகுவர்த்தி மட்டும் ஏற்றியிருந்தேன், போன் அடுக்களையில் கிடந்தது. செபமாலையும் பிரார்த்தனையும் கடலில் இருப்பவர்களுக்கான வேண்டுதலும் முடிகிறவரை இந்த வீட்டில் யாரும் அசைவதில்லை என்று சென்சாருக்குச் சொல்ல நீயும் மறந்தாய், எனக்கும் தோன்றவில்லை. நீ பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு ஆக்னஸுக்குப் போன் செய்ய, அவள் தலை வாரிக்கொண்டிருந்த சீப்போடு ஓடி வந்து, "ஏளா இசபெல்லா, அண்ணாச்சி மூச்சு விடுதாவளா?" என்று கத்தினாள். அப்பா கையில் பிடித்த செபமாலை மணியை விடாமல், "விடுதேன். கடைசிப் பத்து மணி பாக்கியிருக்கு, முட்டி போடு" என்றார். அவளும் சீப்போடு முட்டி போட்டுச் செபத்தை முடித்துவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகுதான் அப்பாவின் முகம் மாறியது. "நான் இருக்கனா போயிட்டனான்னு அவன் அங்கன இருந்து பாக்கதுக்கா இதெல்லாம்? கழட்டிப் போடு" என்றார். அன்றிலிருந்து குரல் கொடுத்து விளக்கைப் போடுவதை விட்டுவிட்டார். சுவிட்ச் தூரத்தில் இருப்பதால் இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு இருட்டிலேயே குளியலறைக்குப் போகிறார். நேற்று கதவு நிலையில் இடித்து நெற்றி வீங்கிவிட்டது. இந்த நிலையில் விழுந்தால் திரும்ப எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டிருக்கிறாய். பயப்படாதே, இன்று வீக்கம் வடிந்துவிட்டது.

ஆகவே இனி எந்த மென்பொருளை வைப்பது என்று நானே விசாரித்தேன். நீ கேமராவோடு முழுதாக வாங்கச் சொல்லும் கம்பெனியுடையதற்குத் தமிழ்ப் பேச்சு நன்றாகப் புரிகிறது, பழுதையும் அவர்களே பார்ப்பார்கள். ஆனால் நாம் சொல்லும் சொல் எந்த ஊருக்கோ போய்த்தான் நம் விளக்குக்குத் திரும்பி வருகிறது. நம் வீட்டில் இப்போது உள்ளதும் அதே வகைதான்; செவ்வாய்க்கிழமை மழையில் நெட் போனதும் கூப்பிட்ட குரலுக்கு விளக்கு எரியவில்லை, நானே பார்த்தேன். இன்னொன்று, நான் பத்திரிகையில் வேலை பார்த்தபோது என்னோடு புகைப்படக்காரனாக இருந்த காயல்பட்டினத்து நௌஃபல் தன் உம்மாவுக்காக வைத்திருப்பது. சின்னப் பெட்டி ஒன்றுக்குள் வீட்டிலேயே ஓடுகிறது. நெட் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன், விளக்கு எரிந்தது. குறையையும் அவன் மறைக்கவில்லை, "அக்கா, இதுக்கு கஸ்டமர் கேர்னு ஒண்ணும் கெடையாது, அப்டேட் போட்டு நின்னுட்டா நம்மதான் உக்காந்து சரி பண்ணணும்" என்றான்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பா, கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்த மனுஷனாயிற்றே, வாய் திறந்தார். "கப்பல்ல மேல கேப்டன் நிக்க பிரிட்ஜில இருந்தும் எஞ்சினை ஓட்டலாம். ஆனா கீழ எஞ்சின் பக்கத்துல நிக்கவன் லிவரைக் கையில எடுத்துட்டான்னா, மேல உள்ளவன் சொல்லு எடுபடாது. அப்படி இருந்தா வைக்கச் சொல்லு." எலக்ட்ரீஷியன் சொரிமுத்துவிடம் கேட்டேன். கம்பெனியின் தொடுபலகைக்குப் பழைய சுவிட்சைக் கழற்ற வேண்டுமாம். நௌஃபல் முறையில் பழைய சுவிட்சுக்குப் பின்னாலேயே, மென்பொருள் சொன்னால் விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற சின்னக் கருவி உட்கார்ந்துவிடும், மென்பொருள் செத்தாலும் சுவிட்ச் வேலை செய்யும் என்றார். நம் பழைய வீட்டுச் சுவிட்ச் பெட்டிகளில் ரிலேவுக்கு வேண்டிய நியூட்ரல் ஒயர் இல்லை, அதைப் பைப் வழியாக இழுத்துவிடலாம், சுவரை உடைக்க வேண்டாம். அப்பாவின் கட்டிலுக்கு இடது பக்கமும் ஒரு சுவிட்ச் வரும். எச்சரிக்கையைப் பற்றியும் அப்பாவே சொன்னார்: "மணி மொதல்ல இங்கன அடிக்கட்டும். நான் அமத்தலன்னா அவனுக்குப் போகட்டும். அவனும் தூரத்துல கெடந்து பயப்படுதாம்லா." கேமரா மட்டும் வேண்டாம் என்கிறார், எனக்கும் வேண்டாம். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, அவருடைய வெட்கத்தையும் நீ புரிந்துகொள்ள வேண்டும்.

தேவமாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், எங்கள் இருவருடைய ஆசீரும் உனக்கு உண்டு. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் சைக்கிளில் போகாதே. அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் ரத்து செய்துவிடு. ரிலே வியாழக்கிழமை சென்னையிலிருந்து வரும் என்று கடையில் சொல்கிறார்கள், இன்னும் வந்து சேரவில்லை. சொரிமுத்து சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை அப்டேட்டை அங்கிருந்து நீ பார்த்துக்கொள்வாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். சனிக்கிழமைக்குள் உன் பதில் வர வேண்டும், என்னிடம் இல்லை, அவரிடமே சொல்.

உன் அம்மா,
இசபெல்லா
தூத்துக்குடி