பாண்டிக்குப் போன கோல்கீப்பர்

ஜன. 21, புதன்

காலையில் கடும் பனி. திண்டிவனம் பாசஞ்சர் வழக்கம்போல் தாமதம். முதலாண்டு ஆங்கில விடைத்தாள் இன்னும் ஒரு கட்டு பாக்கி. ஸ்டேஷன் படியில் செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்திச் சமாளித்தேன்.

தம்பி லூர்து நாளை மறுநாள் கிளம்புகிறான். முப்பத்தொன்பது வயது, பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், இப்போது இந்திய அணியின் கோல்கீப்பர். எழுதிப் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. விளையாட்டின் பெயர் பேண்டி. பனிக்கட்டி மைதானம், காலில் ஸ்கேட்டிங் ஷூ, வளைந்த மட்டை, பக்கத்துக்குப் பதினொரு பேர். கிட்டத்தட்ட ஹாக்கி. எங்கோ ஒரு பனி நாட்டில் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியாம். விழுப்புரத்தில் இவ்வளவு ஐஸ் மீன் மார்க்கெட்டில்தான் பார்க்கலாம்.

இரண்டாவது கோல்கீப்பருக்கு ஆள் கிடைக்கவில்லையாம். டிசம்பர் முகாமில் விழாமல் நின்றான், எடுத்துக்கொண்டார்கள். அவன் சொன்னதுதான்.

இரண்டாவது. பள்ளி, கல்லூரி, மாவட்டம், எல்லா ஹாக்கி அணியிலும் அப்படித்தான். ஹாக்கியில் கோல்கீப்பர் பந்தை உதைக்கலாம், தட்டலாம். பிடித்துக்கொள்ளக் கூடாது. இவன் பதற்றத்தில் பிடித்துவிடுவான். விசில். பெனால்டி. பிறகு பெஞ்ச்.

சாப்பிடும்போது சொன்னேன்: "அவ்ளோ தூரம் போயும் பெஞ்சுல உக்காந்துகினுதான் வரப்போற."

"ஒரு நிமிஷமாவது நிக்கணுங்க்கா. நின்னுட்டா போதும்." சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். நிமிரவில்லை.

"நீ கோல்ல நின்னா நான் பாண்டிக்கு நடந்தே போறேன்" என்றேன்.

அம்மா ரசத்தை வைத்துவிட்டு, "மாதா மேல ஆணையா?" என்றாள். ஏதோ தலையாட்டி வைத்தேன்.

ஜன. 22, வியாழன்

கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். பேண்டி: இந்தியாவில் ஓடும் மாட்டு வண்டி என்றும் ஒரு பொருள். நம் 'வண்டி'தான் கப்பல் ஏறி அப்படி ஆகிவிட்டது. லூர்துவிடம் சொன்னேன்.

"அப்ப மாட்டு வண்டி ஓட்ற கெடார் ஊரு சித்தப்பாதான்க்கா வேர்ல்டு சாம்பியன்."

தெருவுக்கு இந்த வண்டிக் கதையும் தெரியாது, பேண்டியும் தெரியாது. எல்லோர் காதிலும் பாண்டிதான். எதிர்வீட்டு ஆரோக்கியசாமி அண்ணன் வாசலில் நின்று, "தம்பி, பாண்டியா போற? திரும்பி வரசொல்ல ரெண்டு பாட்டிலு எடுத்தாப்பா. செக்போஸ்ட்டுல உஷாரு" என்றார். லூர்துவின் மனைவி ரீட்டா பெட்டி அடுக்குவதையும் எட்டிப் பார்த்தார். "பாண்டிக்கு எதுக்கும்மா நாலு ஸ்வெட்டரு?"

பெட்டியில் மேலும்: வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை இரண்டு டப்பா, குரங்குக் குல்லா, தைலம், ஜெபமாலை. ஊறுகாயை நான் எடுத்து வெளியே வைத்தேன். அம்மா திரும்ப உள்ளே வைத்தாள்.

ஜன. 25, ஞாயிறு

இதமான வெயில். பூசையில் ஒரு கூத்து. மன்றாட்டு வாசிக்கும்போது ஃபாதர்: "பாண்டிச்சேரியில் விளையாடச் சென்றிருக்கும் நம் பங்கின் லூர்துவுக்காக..." சீட்டு எழுதிக் கொடுத்தது அம்மா.

"ஏம்மா இப்படி?"

"மாதாவுக்குத் தெரியாதாடி எந்த ஊருன்னு?"

ஜனங்கள் சத்தமாகப் பதில் சொன்னார்கள். நானும்தான்.

ஜன. 27, செவ்வாய்

லூர்து போன் செய்தான். மூக்குக்குள் இருக்கிற முடிகூட உறைந்துபோகிறதாம். முதல் ஆட்டம் தோல்வி. இவன் போர்வை போர்த்திக்கொண்டு பெஞ்சில். குரல் சரியில்லை. ரீட்டா போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

விடைத்தாள் திருத்த ஓடவில்லை. இணையத்தில் இந்த விளையாட்டின் விதிகளைத் தேடிப் படித்தேன். கோல்கீப்பருக்கு மட்டையே கிடையாது! பந்தைக் கையால் பிடிக்கலாம். அதுதான் அவன் வேலையே.

உடனே கூப்பிட்டேன். "இத ஏண்டா மொதல்லயே சொல்லல?"

"எங்கக்கா கேட்ட? மொத நாள்லேர்ந்து சிரிச்சிகினுதான இருந்த."

ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். தீர்ந்துவிட்டதாம். டீமே தின்றுவிட்டதாம்.

ஜன. 29, வியாழன்

அரை நாள் விடுப்பு. காரணம்: 'குடும்ப அலுவல்'. என் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். அம்மா, ரீட்டா, ஆரோக்கியசாமி அண்ணன். படம் நின்று நின்று ஓடியது. முதல் பாதியில் நம்மவர்கள் வாங்கிய கோல்களை எண்ணினேன். ஐந்துக்கு மேல் எண்ணவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியதும் கோலில் வேறு ஆள்.

"அத்தே, அவருதான்! பாருங்க, அவரு நிக்கிற மாதிரி!"

"எது நம்மாளு? அந்தக் குண்டா இருக்கறதா?"

"பேடு கட்டிகினு இருக்காரு அத்தே!"

ஆரஞ்சு நிறப் பந்து. புறப்பட்டது தெரிவதற்குள் வலைக்குள். மறுபடியும். மறுபடியும். அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். நெட்டையன் ஒருவன் தனியாக வந்து ஓங்கி அடித்தான். லூர்து பக்கவாட்டில் விழுந்தான். படம் நின்றுவிட்டது. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. ஆரோக்கியசாமி அண்ணன் லேப்டாப்பைத் தட்டப் போனார், கையைப் பிடித்தேன்.

படம் வந்தது. இவன் எழுந்து நிற்கிறான். பந்து நெஞ்சோடு.

"பிட்ச்சிட்டாம்மா! யப்பா, பிட்ச்சிட்டான்!" ஆரோக்கியசாமி அண்ணன் குதித்தார்.

கூட்டம் கை தட்டுகிறது. பிடித்த சில நொடிக்குள் பந்தை வீசிவிட வேண்டும், அதுவும் விதி. சக ஆட்டக்காரர்கள் கையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார்கள். இவன் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

விசில்.

"பழையபடி பிடிச்சிட்டானா?" என்றாள் அம்மா.

நான் நாற்காலியை விட்டு எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. ரீட்டா சொல்கிறாள்: "அண்ணி, நீங்கதான் விடாதடா, விடாதடான்னு கத்துனீங்க."

ஜன. 30, வெள்ளி

தொண்டை கட்டிவிட்டது. இரண்டாம் மணி வகுப்பை எழுத்து வேலையாக மாற்றினேன்.

லூர்துவிடம் கேட்டேன், ஏன் வீசவில்லை என்று.

"உடனே உட்டுட மனசு வரலக்கா. பந்தப் பிட்ச்சதுக்கு எவன் கை தட்னான் இத்தினி வருஷமா? திட்டுதான் வாங்கிகினு இருந்தேன்."

கோச் திட்டினாரா?

"அவரும் கை தட்டிட்டுதான் திட்டுனாரு."

பிப். 1, ஞாயிறு

கோயிலிலிருந்து வெளியே வரும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "எப்ப நடக்கப் போற பாண்டிக்கு?" எனக்கு ஏப்ரலில் ஐம்பது, வலது முட்டி சரியில்லை என்றேன். கண்டமங்கலம் வரை பஸ், மீதி நடை என்று பேரம் பேசினேன். "மாதாகிட்டயே டிக்கெட்டு கேக்கறியா?" என்றாள். ரீட்டாவும் கூட வருகிறாளாம். சனிக்கிழமை விடியலில் கிளம்புகிறோம்.

ஆரோக்கியசாமி அண்ணன் கேட் அருகே காத்திருந்தார். "டீச்சர், நீங்க மெய்யாலுமே பாண்டிதானே போறீங்க? ரெண்டு பாட்டிலு..."

செருப்பு இன்னும் தைக்கவில்லை.