விரிசலில் ஒட்டிய கண்ணாடி

மார்ச் 14, சனி. மாமல்லபுரம்.

கலங்கரை விளக்கத்தின் உள்சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே எங்கள் தன்னார்வக் குழு ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்திருக்கிறது. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அன்றே கோபுரத்தை மூடிவிட வேண்டும். காலையில் பூட்டைத் திறந்து படியேறிப் போனேன். கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது.

நாளை குப்பத்துப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் மேலே ஏறுகிறார்கள். ஒரு வருடம் அலைந்து வாங்கிய அனுமதி. ஏறும்போது என் தோள்பை இடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, புதுத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டேன்.

மாலையில் வலை வேலை முடிந்து வந்த ஏழுமலை அதை உற்றுப் பார்த்தான். எங்கள் குழுவில் அவனுக்குத்தான் கண் கூர்மை.

"இன்னாக்கா, கண்ணாடி புச்சா கீது?"

"தொடச்சேன்."

"அவ்ளோதானா? பயந்தே பூட்டேன். நாளிக்கு எம் பொண்ணும் ஏறுது."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். நானும் சிரித்தேன்.

உடைந்த துண்டுகள் இப்போது மேஜைமேல் இருக்கின்றன. பை எந்தப் படியில் இடித்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். காலையில் ஏறும்போது என் கையில் சாவி மட்டும்தான் இருந்தது. பை கீழே, ஸ்கூட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.