மேலே என் மகள் ஓட்டுகிறாள்

மார்ச் 3

டாக்ஸி ஸ்டாண்டில் இன்றும் என் தலைதான் உருண்டது. மீசைக்காரர் ஆரம்பித்தார். "அக்கா, நீங்க டாக்ஸி ஓட்டுறீங்க, உங்க பொண்ணு பறக்குற டாக்ஸி ஓட்டப் போகுது. பெத்தவ பொழப்புலயே மண்ணள்ளிப் போட்றாளே."

"மேலருந்து போட்றா. தாங்கிக்க வேண்டியதுதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இதுவரை அந்த விமானத்தில் ஆள் ஏறியதில்லை. தரையிலிருந்தே இயக்கிப் பார்த்தார்கள். இனி அதற்குள் என் மகள் உட்காரப் போகிறாள். சோதனை விமானி. எழுதும்போதே ஒரு மிதப்பு. அதில் 'சோதனை'யை மட்டும் படித்தால் பயமாக இருக்கிறது.

மார்ச் 10

நாளைக்கு. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவள் குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

மார்ச் 11

வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். இறக்கையில் வரிசையாக விசிறிகள். பெட்ரோல் கிடையாது, எல்லாம் பேட்டரி. காது கிழியும் என்று பொத்திக்கொண்டு நின்றேன் — மேஜை விசிறியை வேகமாக வைத்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்பி, மூன்று மாடி உயரத்தில் அசையாமல் நின்றது. பிறகு இறங்கியது.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் கண் என்னைத்தான் தேடியது. அழக்கூடாது என்றுதான் இருந்தேன். எங்கே?

ஏப்ரல் 22

இன்று பெரிய நாளாக இருந்திருக்க வேண்டும். மேலே எழும்பியபின் விசிறிகளை முன்பக்கம் சாய்த்து, சாதாரண விமானம் போல முன்னால் பறக்க வேண்டும். உள்ளே ஆளோடு இதுவரை செய்யாதது. பார்க்க வந்த விருந்தாளிகள் முதல் வரிசையில். எழும்பினாள். சாய்க்கவில்லை. அப்படியே இறக்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "ஒரு மோட்டார் சூடு ஏறிச்சும்மா. அளவுக்குள்ளதான் இருந்துச்சு. ஆனா ஏறின விதம் புடிக்கல."

"அளவுக்குள்ள இருக்கறப்ப எதுக்கு இறக்குனீங்க?" என்று கம்பெனி முதலாளி எல்லார் எதிரிலும் கேட்டாராம். "புடிக்கல சார்" என்றாளாம். அவ்வளவுதான் பதில்.

வேலையே போய்டுமோ? போனா போகட்டும். புள்ள தரையில நிக்கிறா, அது போதும் எனக்கு.

இல்லை, அது மட்டுமில்லை. அத்தனை பேர் எதிரில் அப்படிச் சொல்ல நெஞ்சு வேண்டும். எனக்கு இருந்திருக்குமா?

ஏப்ரல் 24

மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். உள்ளே பேரிங்கில் விரிசல். சாய்த்திருந்தால் நடுவானில் இறுகி நின்றிருக்கும்.

முதலாளி வீட்டுக்கே வந்தார். அவளிடம் நின்றுகொண்டே பேசினார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. இனிமே நீங்க சரின்னாதான் அது கிளம்பணும். நான் சொன்னாக்கூடக் கிடையாது."

நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தேன்.

மே 15

சாய்த்தாள். பறந்தாள். கண்ணுக்கு மறையும்வரை பார்த்தேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

அக்டோபர் 8

இந்த நோட்டைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. இன்று எழுத வேண்டும்போல இருக்கிறது.

வயதான அம்மா ஒருவரை ஏற்றினேன். பறக்கும் டாக்ஸி ஏறுகிற இடத்துக்குப் போகணும் என்றார். மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டானாம். வழியெல்லாம் புலம்பல். இன்று காலை அங்கே என் மகள் முறை.

"நீ அதுல ஏறுவியாம்மா?"

"ஏறியிருக்கேன்."

"யாரு ஓட்டுறாங்களோ, எப்படிப்பட்டவங்களோ."

வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் பீற்றிக்கொள்வது போலாகும். கண்ணாடியில் அவரைப் பார்த்து, "பயப்படாம போங்க. நல்லா ஓட்டுவாங்க. மனசுக்குச் சரின்னு படலைன்னா எடுக்கவே மாட்டாங்க. எனக்கு அவங்களத் தெரியும்" என்றேன்.

அவர் கொஞ்சம் தெளிந்து இறங்கிப் போனார்.

என் மகளை நான் 'அவங்க' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வாய் கூசவே இல்லை.