கொனல் மகன் ஃபெலிமின் கிரான்யா

அன்பு மகளே கிரான்யா,

கேலகர் என்ற பெயரை வைத்திருப்பதா விடுவதா என்று முடிவெடுக்க, அதன் வரலாற்றை மட்டும் எழுதச் சொன்னாய்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் டொனிகால் பகுதியில் வாழ்ந்த ஒருவரின் பெயர் அது. அவர் வழிவந்தவர்கள் அதைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். நான் அவர் வழி. நீ அல்ல. தத்துப் பத்திரத்தை நீயே கண்டெடுக்கும்வரை இதைச் சொல்லாதது என் தவறு.

ஆனால் நம் தீவில் பாதிப் பேர் கேலகர்தான். அதை வைத்து யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. அதனால்தான் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்து அழைக்கிறார்கள். அப்படி அழைக்கும் பெயரைப் பத்திரம் எழுதி வாங்க முடியாது. ஊர்தான் தர வேண்டும். கைக்குழந்தையாக உன்னை நாங்கள் படகிலிருந்து இறக்கியதை ஊரே துறையில் நின்று பார்த்தது.

நேற்று தபால்காரர் வாசலில் நின்று கேட்டார்: "ஏம்ப்பா, கொனல் மகன் ஃபெலிமோட கிரான்யா எப்ப வர்றா? அவ வந்தாத்தான் இந்த வீட்டுல குடிக்கிற மாதிரி டீ கிடைக்கும். நீ போடுறது கடல்தண்ணி!"

"எழுதிக் கேக்குறேன்" என்றேன்.

கேட்டுவிட்டேன்.

அப்பா