காணிக்கைக் கூடையில் ஒரு பொலி

அன்பான அம்மாவுக்கு, கொழும்பிலிருந்து எஸ்தர். முழங்கால் வலி குறைந்ததா? அப்புத்தளையில் விடாத மழையாமே. நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டாமல் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாதீர்கள்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், சிரிக்கிற விஷயம்தான். போன ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கைக் கூடையில் காய்கறியை வைத்தபோது, முதல் கொழுந்தைக் கூடையில் போடுகையில் விளைச்சல் பெருகட்டும் என்று நீங்கள் சொல்வீர்களே, அதேபோல "பொலியோ பொலி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சபையே திரும்பிப் பார்த்தது. போதகரின் மனைவி பக்கத்தில் வந்து, "அது அஞ்ஞானிங்க சொல்றது தங்கச்சி. இங்க ஸ்தோத்திரம்னு சொல்லணும்" என்றார். சொன்னேன். வாய் மட்டும்தான் சொன்னது.

இப்போதெல்லாம் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் விழித்துக்கொண்டு நிற்கிறேன். ஆண்டவர் கேட்கிறாரா என்றே தெரியவில்லை. நீங்கள் ஜெபக்கூட்டத்துக்கும் போகிறீர்கள், பொலியும் சொல்கிறீர்கள். அதை யாரிடம் சொல்கிறீர்கள், அம்மா?

தம்பி வந்தால் தேயிலைத்தூளும் என் பழைய ஸ்வெட்டரும் கொடுத்துவிடுங்கள். இங்கே குளிர் இல்லை, இருந்தாலும் வேண்டும்.

வேலைக்குக் கிளம்ப வேண்டும், கார்மெண்ட்ஸ் பஸ் ஹார்ன் அடிக்கிறது. இது கிடைத்த மறுநாள் முதல் கொழுந்தைப் போடும்போது எனக்காகவும் ஒரு பொலி சொல்லுங்கள். அது போய்ச் சேரும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் எஸ்தர்